பேஸ்புக்கை ஒரு நாள் முந்தி முடக்கியிருந்தால் திகன தப்பியிருக்குமா? கண்டிப் பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடிப்_பாலம்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் உயர்தர வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். பாடசாலை விவாத அணியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதப் போட்டிக்கு வந்திருக்கும் தலைப்பு: "குற்றங்களைத் தடுப்பதற்காக அரசாங்கம் இணையத்தை வடிகட்டுவது மனித உரிமை மீறலாகாது."

அணியில் ஆறு பிள்ளைகள். எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கும் முன்பே ஆறு பேரும் "வடிகட்டத்தான் வேண்டும்" என்ற பக்கம் போய் நின்றுகொண்டார்கள். ஏன் என்று கேட்டேன். ஒரு மாணவி சொன்னாள்: "சேர், 2018இல் ஒரு நாள் முந்தி பேஸ்புக்கை நிறுத்தியிருந்தால் திகனயில் அத்தனை கடைகளும் தப்பியிருக்கும்." கண்டி மாவட்டத்துத் திகனயில் முஸ்லிம்களின் கடைகளைக் கும்பல்கள் எரித்தபோது அவளுக்குப் பத்து வயதுதான் இருந்திருக்கும். ஆனாலும் எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

நான் நேரில் அனுபவித்தது 2019 ஏப்ரல் 21, தேவாலயங்களில் குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. என் வகுப்பில் படித்த ஒரு பையன் அன்று காலை அந்தப் பக்கம் போனான் என்று அவனுடைய நண்பன் சொன்னான். போன் எடுத்தால் லைன் இல்லை. சமூக வலைத்தளங்களை முடக்கிய பிறகு வகுப்புக் குழுவில் நான் "எங்கே இருக்கிறாய்?" என்று போட்ட செய்திக்குக் கீழே அந்தச் சின்னக் கடிகாரக் குறி மட்டும் அப்படியே நின்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். அவன் கையில் கட்டோடு வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

அதை வைத்து மட்டும் பிள்ளைகளிடம் "முடக்கம் கெட்டது" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த முடக்கம் வேறெங்காவது ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். எனவே கேட்கிறேன்: 2018இல் கண்டி மாவட்டத்தில் இருந்தவர்களே, முடக்கம் உண்மையில் என்ன செய்தது? அடுத்தது, 2024இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் வெறுப்புப் பேச்சைத் தடுக்க நம்மிடம் சட்டமே இருக்கவில்லையா?

அக்குறணை_ரீலோட்_நானா

சேர், நான் அக்குறணைக்குக் கிட்ட. 2018இல் வீட்டோடு சேர்ந்தாற்போல் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். ரீலோட் (போனுக்குக் காசு போடுவது), போன் திருத்தம், போட்டோகொப்பி. அந்தக் கிழமை ஊர்ச் சனத்தின் போன்கள் பாதிக்கு மேல் என் கையால் போய் வந்தன. அதனால் இதில் எனக்குச் சொல்ல இருக்கிறது, கொஞ்சம் நீளும்.

முதலில் திகதிகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பெப்ரவரி 22, தெல்தெனியப் பக்கம் வாகனத் தகராறில் ஒரு சிங்கள லொறிச் சாரதியை நாலு பேர் அடித்தார்கள். அடித்தவர்கள் எங்கள் முஸ்லிம் சமூகத்துப் பையன்கள். பெரிய பாவம் செய்தார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். பெப்ரவரி 26, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்று கதை கட்டி, கடைக்காரரைச் சுற்றி நின்று மிரட்டி, அவர் தலையாட்டுவதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. மார்ச் தொடக்கத்தில் அந்தச் சாரதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். 5ஆம் திகதி திங்கட்கிழமை திகன எரிந்தது. 6ஆம் திகதி அவசரகால நிலை. 7ஆம் திகதி புதன்கிழமைதான் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் முடக்கினார்கள்.

உங்கள் மாணவி சொல்லும் "ஒரு நாள் முந்தி" என்று பார்த்தால் அது 6ஆம் திகதி. திகன அதற்கு முதல் நாளே எரிந்துவிட்டது. அம்பாறை வீடியோவிலிருந்து திகன வரைக்கும் ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளில் செய்ய எவ்வளவோ இருந்தது. கறியில் இருந்தது வெறும் மாக்கட்டி, அப்படி ஒரு மலட்டு மருந்தே உலகத்தில் கிடையாது என்று சிங்களத்தில் எல்லா டிவியிலும் மணிக்கொரு தரம் சொல்லியிருக்கலாம். பள்ளிவாசலை உடைத்தவர்களை அன்றிரவே பிடித்து உள்ளே போட்டிருக்கலாம். மாக்கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை பிறகு வந்தது. அதற்குள் பொய் கண்டிக்கு வந்து, கடைகளும் எரிந்துவிட்டன.

இனி 7ஆம் திகதி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஜமாஅத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. சாதாரண நாளில் யார் இறந்தார் என்ற மையித்து அறிவித்தல், இரத்தம் தேவை, பிள்ளைகளின் மத்ரஸா நேரம் இதெல்லாம்தான் வரும். 5ஆம் திகதியிலிருந்து அது எங்களுக்குக் காவற்காரன் ஆகிவிட்டது. எந்தச் சந்தியில் கூட்டம் சேருகிறது, எந்தப் பாதையால் லொறி வருகிறது, எந்த வீட்டில் பெண்கள் தனியே இருக்கிறார்கள், யார் வீட்டுக்கு அவர்களைக் கூட்டிப்போவது எல்லாம் அதில்தான். ஊரடங்கு, வெளியே இறங்க ஏலாது. அந்தக் குழு ஒன்றுதான் எங்களுக்கு இருந்த கண். புதன்கிழமை அது நின்றது. அன்றுதான் எங்கள் பக்கமும் அம்பத்தென்னையிலும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அடித்தார்கள். முடக்கியதால்தான் அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அடிக்க வந்த நேரத்தில் எங்களிடம் அந்தக் கண் இல்லை.

கடை ஷட்டர் பூட்டித்தான் இருந்தது. பின் வாசலால் ஒரு உம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், மகன் கட்டாரில் சாரதி. போனை நீட்டி, "மகன், இது செத்துப் போச்சு, திருத்தித் தாங்க" என்றார். போனில் ஒரு பிழையும் இல்லை. வைபரை அமத்தினால் சுற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். அவருக்கு போன் என்றாலே வைபர்தான், அந்த நாவல் நிறப் படம்தான் அவருடைய மகன். அங்கே அந்தப் பிள்ளை ஊர் எரிகிற படங்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது, உம்மா உயிரோடு இருக்கிறாவா என்று தெரியாமல். நான் ஐடிடியில், அதாவது காசு கட்டும் வெளிநாட்டு அழைப்பில், எடுத்துக் கொடுத்தேன். லைன் கிடைக்கப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தது. கிடைத்ததும் அவர் கதைத்தது மொத்தம் ஒரு நிமிஷம். காசு ஓடுகிறதே என்ற பயத்தில் "நான் சுகம், நீ சாப்பிடு" என்று ரெண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு இடுப்பில் முடிந்து வைத்திருந்த சில்லறையை எடுத்து மேசையில் எண்ணினார். வாங்க மாட்டேன் என்றேன். விட்டுப்போகவில்லை, வைத்துவிட்டுத்தான் போனார்.

சரி, முடக்கம் அடிக்க வந்தவர்களை நிறுத்தியதா? அதையும் நான் கண்டேன். முடக்கத்தைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் ஆப் என்றால் என்ன என்று எனக்குக் காட்டித் தந்ததே எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களத் தம்பி. அன்று என் இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டு உள்ளறையில் படுக்கவைத்தவரும் அவர்தான். அவருடைய போனுக்குப் புதன்கிழமை இரவே அது வந்துவிட்டது. யார் அனுப்பியது என்று கேட்டேன். சந்தியில் நிற்கிற பையன்கள் எல்லாரிடமும் இருக்கிறது என்றார். அதாவது தடி தூக்கிக்கொண்டு நின்றவர்கள் ஒரு மணித்தியாலத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கட்டாரில் மகனை வைத்திருந்த உம்மாவுக்குத்தான் வழி தெரியவில்லை. அந்தத் தம்பியிடமிருந்து அந்த ஆப்பை, போனுக்குப் போன் நேரே அனுப்பும் ஷெயார்இட்டில் என் போனுக்கு எடுத்து, என் போனிலிருந்து ஊரில் முப்பது நாற்பது போனுக்குப் போட்டுக் கொடுத்தேன். அது நல்ல ஆப்பா கள்ள ஆப்பா என்று பார்க்கிற நிலையில் நாங்கள் இருக்கவில்லை. வைபரும் வாட்ஸ்அப்பும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, கடைசியாக 15ஆம் திகதி பேஸ்புக் வந்தது.

உண்மையிலேயே எங்களுக்கு மூச்சு வந்தது 8ஆம் திகதி. திகனயில் நின்று வீடியோ போட்டுச் சனத்தைக் கூப்பிட்ட மகாசோன் பலகாய என்ற சிங்களத் தீவிரவாத அமைப்பின் தலைவரையும் வேறு பலரையும் பிடித்தார்கள் என்ற செய்தி அன்றுதான் வந்தது. இராணுவத்தையும் ரோட்டில் இறக்கியிருந்தார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. அவர்களைப் பிடிக்கப் புதிய சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் என்பார்களே, அதன் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு அழைப்பவருக்குப் பத்து வருடம் வரை கடூழியச் சிறை என்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக அது புத்தகத்தில் இருந்தது. 2014இல் அளுத்கமவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்துக்கு முன் பேஸ்புக் அல்ல, மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டித்தான் பேசினார்கள். அப்போதும் அந்தச் சட்டம் இருந்தது. 1915இல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் கண்டியில் தொடங்கி நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியபோது இப்படிப் போன் இல்லை. என் பாட்டனாரின் வாப்பா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பின் கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள்.

பேஸ்புக்குக்கும் பங்கில்லை என்று சொல்ல வரவில்லை. சிங்களப் பக்கங்களில் வெறுப்பு எப்படிப் பரவுகிறது என்று கொழும்பில் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஒரு முழு ஆய்வு போட்டது. பேஸ்புக் கம்பனி 2018க்கு மன்னிப்புக் கேட்டது 2020இல். சிங்களமும் தமிழும் தெரிந்த ஆட்களை வேளைக்கே போட்டு, அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்திருந்தால் நான் முதல் ஆளாக நன்றி சொல்லியிருப்பேன். அடி வாங்குகிறவனுக்கும் பேச்சுரிமை வேண்டும் சேர். "கொல்லு" என்று எழுதியவனின் பதிவை எடுப்பதும், என் உம்மா வயதில் ஒருத்தி மகனோடு கதைப்பதை நிறுத்துவதும் ஒன்றென்று உங்கள் பிள்ளைகள் மேடையில் பேசினால் அது நியாயமில்லை.

வெள்ளவத்தை_கேபிள்

நானா, வாசித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் எழும்ப மனம் வரவில்லை.

நான் வலையமைப்பு வேலையில் இருப்பவன். பிள்ளைகளுக்கு உதவும் என்று தொழில்நுட்பப் பக்கத்தைச் சொல்கிறேன். முடக்கம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: மேலிடத்திலிருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு ஒரு சொல், அங்கிருந்து சேவை வழங்கும் கம்பனிகளுக்கு ஒரு பட்டியல். கம்பனி அந்தப் பெயர்களை முகவரிப் புத்தகத்தில் கிழித்துவிடும். இல்லாவிட்டால் அந்தப் பெயரைக் கண்டதும் இணைப்பை அறுத்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, வெளியே நிற்கிற கம்பனிக்குத் தெரிவது கட்டடத்தின் பெயர் மட்டும்தான். உள்ளே எந்த அறையில் யார் என்ன பேசுகிறார் என்று தெரியாது, எல்லாம் பூட்டிய உறைக்குள் போகிறது. ஆகவே அரசாங்கத்தால் ஒரு கெட்ட பதிவைத் தனியே எடுக்க முடியாது. முழுப் பேஸ்புக்கையும் மூடலாம், அல்லது விடலாம். அந்த ஒரு பதிவை எடுக்க வேண்டியது பேஸ்புக்தான், அதற்கு உத்தரவு போட வேண்டியது நீதிமன்றம். நாடு முழுக்க மூடியதற்கு "வெறுப்புப் பேச்சை வடிகட்டினோம்" என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் அந்தச் சொல்லையே கேள்வி கேட்கலாம்.

நுணுக்கமாக வடிகட்டும் ஏற்பாடுகளும் உண்டு. பிரித்தானியாவில் சிறுவர் துஷ்பிரயோகப் படங்களுக்கென்று ஒரு அமைப்பு பட்டியல் வைத்திருக்கிறது. அந்த நோக்கத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை, அப்படிப்பட்ட படத்துக்குப் பேச்சுரிமை என்று யாரும் வர முடியாது. ஆனால் 2008 டிசம்பரில் ஒரு ரொக் இசைக் குழுவின் 1976ஆம் ஆண்டு இசைத்தட்டு அட்டைக்காக அந்தப் பட்டியலில் விக்கிப்பீடியாவின் பக்கம் ஒன்று ஏறியது. அந்தப் பக்கத்தோடு நிற்கவில்லை, அந்த நாட்டில் கணக்கு இல்லாத பலரால் விக்கிப்பீடியாவைத் திருத்தவே முடியாமல் போனது. சில நாளில் எடுத்தார்கள். அவுஸ்திரேலியாவின் இரகசியப் பட்டியல் 2009இல் வெளியே கசிந்தபோது அதில் குயின்ஸ்லாந்துப் பல் வைத்தியர் ஒருவரின் தளமும் இருந்தது. பட்டியல் இரகசியமாக இருந்த வரைக்கும் அந்த வைத்தியருக்காகக் கேட்க ஒருவரும் இல்லை.

நம் நாட்டில் இது 2018இல் தொடங்கியதும் அல்ல. 2007 ஜூனில் தமிழ்நெட் என்ற தமிழர் செய்தித் தளத்தை இங்கே முடக்கினார்கள். 2015 ஜனவரி வரை, ஏழு வருடத்துக்கு மேல். போரின் கடைசி மாதங்களில் வன்னியில் என்ன நடக்கிறது என்று கொழும்பில் இருந்த நான் லண்டனில் இருந்த மச்சானுக்கு போன் போட்டு, அவர் வாசிக்கக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் சித்தி குடும்பம் அப்போது உள்ளே இருந்தது. அதுவும் பயங்கரவாதத்தைத் தடுக்கத்தான் என்றார்கள்.

பிறகு 2022 ஏப்ரல் 3. அன்று இனக் கலவரம் இல்லை, குண்டு இல்லை. காஸுக்கும் டீசலுக்கும் வரிசையில் நின்று களைத்த சனம் ஜனாதிபதி கோட்டாபயவுக்கு எதிராக ரோட்டுக்கு இறங்கப் போகிறது, அவ்வளவுதான். நள்ளிரவில் பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், டுவிட்டர் எல்லாம் போயின. பாதுகாப்பு அமைச்சு கேட்டதால் செய்தோம் என்றது தொலைத்தொடர்பு ஆணைக்குழு. மனித உரிமைகள் ஆணைக்குழு கேள்வி எழுப்பியது, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே சமூக வலைத்தள முடக்கத்தை ஏற்க மாட்டேன் என்று டுவிட்டரில் எழுதினார். பதினைந்து மணித்தியாலத்தில் திரும்பி வந்தது. நான் அன்று வேலையில் இருந்தேன். திகனவுக்காக முடக்கியபோது மனத்தைத் தேற்றிக்கொண்டவர்கள்கூட அன்று பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டன் அதே பட்டன்தான்.

கடற்கரைத்தெரு_ரீட்டா

நான் நீர்கொழும்பு. இங்கே எல்லாரும் ஒரு பக்கமாகவே எழுதுகிறீர்கள், ஆகையால் எழுதுகிறேன்.

2019இல் அதே உயிர்த்த ஞாயிறன்று கட்டுவாப்பிட்டிய தேவாலயத்தில் வெடித்த குண்டில் என் பெரியம்மாவின் மகளும் அவள் சின்னவனும் இறந்துபோனார்கள். ஒரே கிழமையில் எங்கள் தெருவில் மூன்று வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. அந்த நாட்களில் என் தம்பியின் போனுக்கு என்னென்ன வந்தது என்று எனக்குத் தெரியும். தண்ணீர்த் தாங்கியில் நஞ்சு கலந்துவிட்டார்கள், அடுத்த குண்டு இந்தப் பாடசாலையில், இந்த வேன் இலக்கத்தைக் கண்டால் விடாதே. எல்லாம் பொய். அவனுக்கு இருபத்தொரு வயது, அக்காவைப் பறிகொடுத்த மனம் இன்னும் ஆறவில்லை. பேஸ்புக் நின்ற அன்று இரவு அவன் போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டான். அதற்கு முதல் ரெண்டு நேரமும் அவன் சாப்பிடவில்லை.

நானாவின் உம்மாவுக்கு நடந்தது எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஒன்பது நாள் பேஸ்புக் இல்லாமல் இருந்தால் யாரும் சாகமாட்டார்கள். உரிமை என்று சொல்லுகிறவர்கள் உயிரோடு இருக்கும் உரிமையை ஏன் முதலில் வைக்கக்கூடாது? அரசாங்கம் ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்?

அக்குறணை_ரீலோட்_நானா

ரீட்டா தங்கச்சி, உங்கள் இழப்புக்கு நான் எந்தச் சொல்லும் வைத்துச் சமன் செய்ய ஏலாது. அந்த ஞாயிறு எங்கள் பள்ளியில் மௌலவி மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் அழுதார். ஒன்று சொல்கிறேன், இதை நான் வெளியே சொன்னதில்லை. அன்று பின்னேரம் பேஸ்புக் நின்றபோது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. திகன திரும்பி வரப்போகிறது என்ற பயத்தில் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் தம்பி சாப்பிட்ட அந்த ஒரு இரவு உண்மை. அதை நான் தட்ட மாட்டேன்.

ஆனால் உயிரைக் காப்பாற்றுவது பற்றித்தானே கேட்டீர்கள். குண்டு வைக்கப் போகிறார்கள் என்று இந்தியா ஏப்ரல் 4ஆம் திகதியே சொல்லிவிட்டது. பதினேழு நாள். உங்கள் அக்காவும் அவள் சின்னவனும் அந்தப் பதினேழு நாளில் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். தகவல் இல்லாமல் போகவில்லை, தகவலை வைத்துக்கொண்டு இருந்தார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன மட்டும் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும், பொலிஸ் மா அதிபராகவும் புலனாய்வுத் தலைவராகவும் இருந்தவர்களும் தங்கள் கையால் கட்ட வேண்டும் என்றது. அந்த வழக்கைப் போட்டவர்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் இருந்தார்கள். அடிப்படை உரிமை வழக்குதான் அது. நீங்கள் முதலில் வைக்கச் சொன்ன உயிர்வாழும் உரிமையை அவர்கள் அந்த வழியால்தான் கேட்டார்கள்.

முடக்கி வைத்ததால் கலவரம் நின்றதா என்றால், நீர்கொழும்பில் மே 5ஆம் திகதி நடந்தது உங்களுக்கே தெரியும். மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு கடைக்காரர் "அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்" என்று ஆங்கிலத்தில் போட்ட ஒரு வரியைக் குண்டு மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தார்கள். அரைகுறையாக விளங்கிய ஒரு வரிக்கு. அடுத்த நாள் திரும்ப முடக்கினார்கள். அன்றுதான் மினுவாங்கொடையும் குளியாப்பிட்டிப் பக்கமும் எரிந்தன. வந்தவர்கள் பஸ்ஸிலும் மோட்டார்சைக்கிளிலும் வந்தார்கள் தங்கச்சி. அந்த பஸ்ஸை மறிக்க ரோட்டில் ஆள் நின்றிருந்தால் போதும்.

இன்னுமொன்று. நான் முதலில் புகழ்ந்த அந்த ஐசிசிபிஆர் சட்டத்தை அதே மே மாதம் எங்கே பாவித்தார்கள் தெரியுமா? ஹசலகவில் ஒரு ஏழை முஸ்லிம் பெண் போட்டிருந்த சட்டையில் கப்பல் சுக்கான் படம் இருந்தது. பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று நினைத்து அவளை உள்ளே போட்டார்கள். அதற்கு முந்திய மாதம் பேஸ்புக்கில் ஒரு சிறுகதை போட்டதற்காக ஷக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை நாலு மாதம் விளக்கமறியலில் வைத்தார்கள். நல்ல சட்டம்தான், எடுத்து அடித்த கை வேறு. அதைக் கண்ட பிறகு, நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று 2024 ஜனவரியில் 62க்கு 108 வாக்கால் நிறைவேற்றியபோது என் கை நடுங்கியது. ஐந்து பேர் கொண்ட ஒரு ஆணைக்குழு "இது பொய்" என்று தீர்மானித்து, ஒரு நாளைக்குள் எடு என்று சொல்லலாம். அம்பாறை மாக்கட்டியை முதல் நாளே பொய் என்று சொல்லத் தைரியம் இருந்தால் நான் அதை வரவேற்பேன். அந்த உம்மா போன் வேலை செய்யவில்லை என்று அழுததைப் பொய் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போய் முறையிடுவது?

நான் ஏற்றுக்கொள்ளக்கூடியது இவ்வளவுதான்: எந்தப் பதிவு என்று சுட்டிக் காட்டி, நீதவான் ஒருவர் கையெழுத்து வைத்து, எத்தனை நாளைக்கு என்று எழுதி, பத்திரிகையில் போட்டு, பிழை என்றால் நானும் போய்க் கேட்கக்கூடிய ஒரு உத்தரவு. அப்படி ஒன்று வந்தால் நானே முன்னால் நின்று அந்தப் பதிவைக் காட்டித் தருவேன்.

கடற்கரைத்தெரு_ரீட்டா

பதினேழு நாள் கதை எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் பேசுவதுதான். அதையும் முடக்கத்தையும் நான் ஒரே இடத்தில் வைத்து யோசிக்கவில்லை. தம்பியிடம் காட்டினேன். அந்த ஒன்பது நாளில் தானும் மூன்றாம் நாளே விபிஎன் போட்டதாக இன்றைக்குத்தான் சொல்கிறான். இருந்தாலும் அந்த முதல் இரவுக்காக நான் கொஞ்சம் நன்றியோடுதான் இருப்பேன். அதை மாற்றச் சொல்லாதீர்கள்.

அக்குறணை_ரீலோட்_நானா

சொல்ல மாட்டேன் தங்கச்சி. அதை நீங்கள் வைத்திருங்கள்.

கல்லடிப்_பாலம்

நானா, கேபிள் தம்பி, ரீட்டா அக்கா, மூவருக்கும் நன்றி. இன்று பாடசாலை விட்ட பிறகு ஆறு பிள்ளைகளையும் இருத்தி, நானா சொன்னபடியே திகதிகளைக் கரும்பலகையில் எழுதினேன். பெப்ரவரி 26க்கும் மார்ச் 5க்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, "இந்த ஏழு நாளில் நீங்கள் அமைச்சராக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். ஒருத்தி ராணுவம் என்றாள், ஒருவன் அந்தக் கடைக்காரரை டிவிக்குக் கூட்டி வந்து பேசவைப்பேன் என்றான். பேஸ்புக்கை மூடுவேன் என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதை அவர்களே பிறகுதான் கவனித்தார்கள்.

ரீட்டா அக்கா எழுதியதையும் பெயர் இல்லாமல் வாசித்துக் காட்டினேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. முதலில் "ஒரு நாள் முந்தி" என்று சொன்ன மாணவி, அந்தத் தம்பி சாப்பிட்ட இரவைப் பற்றித்தான் ஆதரவுப் பக்கம் பேசுவாளாம். எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு பேர் மாறியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, கேபிள் தம்பிதான் சொல்ல வேண்டும்: முடக்கும்போது கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்துக்கும் செய்தி போக ஒரு வழியைத் திறந்து வைக்கத் தொழில்நுட்பத்தில் இடமிருக்கிறதா, இல்லையா? சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அடுத்த பயிற்சி, அதற்குள் எழுதினால் அவனுக்குக் காட்டுவேன்.